கொழுப்பு யாருக்கு?

உழைத்து ஓய்ந்த மாதர்களுக்கு இப்போது நாலா திசையிலிருந்தும் உபதேசம் பொழிகிறது. “சோற்றைக் குறை! எண்ணெயை விடு! தினம் ஒரு மணி நேரம் நட! இல்லையேல் புற்றுநோய் வரும்!” டாக்டர்கள் சொல்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, காரைவிட்டு இறங்கியறியாத சீமான்களும் சொல்கிறார்கள். அப்படியானால் ஆத்தூரில் விடிந்தது முதல் சம்மணமிட்டு வெற்றிலை அடுக்கிக் கட்டும் ஐம்பத்தெட்டு வயது அம்மாள் தின்று கொழுத்துவிட்டாரா?

விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டை இல்லை, தோழர்களே! உடல் பருமனுக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் சம்பந்தம் உண்டென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்புப் புற்று, கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்று, குடல் புற்று எல்லாம் அதில் அடக்கம். மாதவிடாய் நின்றதும் சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. அதன் பின் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பைப் பெரும்பாலும் உடலின் கொழுப்பே உண்டாக்குகிறது. கொழுப்பு மிகுந்தால் அந்தச் சுரப்பும் மிகும். அது மார்பிலும் கர்ப்பப்பையிலும் உள்ள செல்களை வளர்ந்துகொண்டே இருக்கத் தூண்டும். வெற்றிலையோடு புகையிலை போட்டால் வாயில் புற்று வரும் என்பது ஆத்தூரில் குழந்தைக்கும் தெரியும். இது தெரியாது. “சதை போட்டால்தான் லட்சணம்” என்று நாமே பேசித் திரிகிறோம்.

ஆனால் அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது? ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி இலவசம். அதை நாம் குறை கூறவில்லை. பட்டினியில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனால் பருப்பு? ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு கிராம்கூட வராது. சர்க்காரின் சொந்த ஸ்தாபனமான ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவோ 85 கிராம்! காய்கறியும் கீரையும் 400 கிராம் வேண்டுமாம். கூலியில் எந்த மூலையில் இருக்கிறது அதற்குக் காசு? புன்னைக்காயல் பக்கத்திலேயே இருக்கிறது. நல்ல மீன் பனிக்கட்டிப் பெட்டியில் ஏறி வெளியூர் போய்விடுகிறது. எஞ்சுவது சோறும் பாமாயிலும்தான்.

அந்த ஏழு கிராமும் அவர் தட்டுக்கு வருகிறதா? ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, கடைசியில் சட்டியின் அடியில் கிடக்கும் குழம்பை ஒரு கும்பா சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறவர் அவர். சங்கக் கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் மீன் துண்டைத் தம் தட்டில் வாங்கிக்கொள்ளும் தோழர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

நடக்கச் சொல்கிறார்கள். நடப்பது நல்லது, சந்தேகமில்லை. எங்கே நடப்பது? லாரி பறக்கும் திருச்செந்தூர் சாலையிலா? இளமையில் நாற்று நட்டும் உப்பளத்தில் சுமந்தும் முழங்கால் தேய்ந்த பிறகுதான் அவர் இந்த உட்கார்ந்த வேலைக்கே வந்தார். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலைக்குக் கிடைத்த கௌரவம் அதை அடுக்கிய முழங்காலுக்குக் கிடைக்கவில்லை.

இந்த அம்மாளை நாம் நன்கு அறிவோம். தீட்டு நின்று ஏழு வருஷம் கழித்து மறுபடி இரத்தம் பட்டது. வெட்கத்தில் மறைத்தார். பிறகு ஒருநாள் கூலியை விட்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அது எது என்பது இங்கே வேண்டாம். எடை பார்த்தார்கள். “உடம்பைக் குறையம்மா” என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உபதேசம் கிடைத்தது; சோதனை நடக்கவில்லை! பதினான்கு மாதம் கழித்து வேறோர் இடத்தில்தான் கர்ப்பப்பைப் புற்று என்று கண்டார்கள். கர்ப்பப்பையை எடுத்து, கதிர் வைத்தியமும் நடந்தது. பிழைத்தார். ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் கதிர் வைத்தியம் தேவைப்பட்டிருக்காது என்றார் அறுத்த டாக்டர்.

இது நம்மூர் அநியாயம் மட்டும்தானா? பணத்தில் புரளும் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே மார்புப் புற்று கறுப்பின மாதருக்கு வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஆனால் அதனால் சாவது சுமார் 40 சதவிகிதம் அதிகம்! அவர்களுக்கும் “எடையைக் குறை” என்ற உபதேசத்துக்குக் குறைவில்லை. நேரத்தில் வைத்தியம்தான் கிடைப்பதில்லை.

ஆலைத் தோழருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இ.எஸ்.ஐ. உண்டு, வியாதியில் படுத்தால் கூலியில் 70 சதவிகிதம் வரும். இலை அடுக்குகிறவருக்கும் களை எடுக்கிறவருக்கும் என்ன உண்டு? அந்த இ.எஸ்.ஐ. இல்லை. கணக்கில்கூட அவர்கள் இல்லை. தமிழ்நாட்டு மாதரில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லிற்று. முந்தைய ஆய்வில் அது 30.9. யாரை எடை போட்டார்கள்? 15 முதல் 49 வயது வரை. புற்று அதிகமாய்த் தாக்கும் வயது வந்ததும் தராசை எடுத்துவிட்டார்கள்!

ஆகவே நாம் கேட்கிறோம்: கார்டுக்கு ஒரு கிலோ பருப்பு என்பதை நான்கு கிலோவாக்கு! பாமாயிலோடு கடலை எண்ணெயும் கொடு! ஐம்பது வயது தாண்டிய கூலி மாதருக்குச் சோதனைக்குப் போகும் நாளின் கூலியைக் கொடு! இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கும்போது, தோழர்களே, வீடுதோறும் மாதரிடம் இன்னொன்றையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள்: தீட்டு நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் மறைக்கக் கூடாது, அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எடையைப் பற்றிப் பேசி அனுப்பப் பார்த்தால், சோதனை செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது. துணைக்கு ஆள் இல்லையென்றால் சங்க ஆபீசில் சொல்லட்டும். நாம் உடன் போவோம்.