தண்டனை இல்லாத படைக்குப் பயிற்சி எதற்கு?

இலங்கை இராணுவத்தின் தரம் தாழ்ந்துவிட்டது என்ற கவலை இப்போது தென்னிலங்கையிலேயே எழுந்திருக்கிறது. படையை விட்டுத் தப்பியோடியவர்கள் பாதாள உலகக் கும்பல்களுக்காகத் துப்பாக்கி தூக்குகிறார்கள். முன்னாள் படையினர் பலர் ஏமாற்றப்பட்டு ரஷ்ய - உக்ரைன் போர்முனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் கொண்ட இராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைத்துச் சீரமைப்போம் என்று 2023இல் கொழும்பு அறிவித்தது. தரத்தை உயர்த்தும் வழியாக எப்போதும்போல் முன்வைக்கப்படுவது வெளிநாட்டுப் பயிற்சி.

இந்த மருந்து புதியதல்ல என்பதை இளம் தோழர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1980களில் இலங்கைக் காவல்துறையின் சிறப்பு அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது கேஎம்எஸ் என்ற பிரிட்டிஷ் கூலிப்படை நிறுவனம். பிறகு இஸ்ரேல், பாகிஸ்தான், அமெரிக்கா, இந்தியா என்று வரிசையாகப் பலர் வந்தார்கள். நம் நீலகிரியின் வெலிங்டன் கல்லூரியிலும் இலங்கை அதிகாரிகள் படித்திருக்கிறார்கள். பயிற்சிக் குறைவுதான் நோய் என்றால், இத்தனை ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு 2009இல் முள்ளிவாய்க்கால் நடந்திருக்கவே கூடாது.

போர்க்களத்தின் வெறியில் நடந்தவை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சரி, போரே இல்லாத ஹெய்ட்டிக்கு வருவோம். ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பியோடு அங்கே போன இலங்கைப் படையினரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களால் பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகளும் உண்டு. பத்து ஆண்டுகள் கழித்து அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அதைத் தோண்டியெடுத்தபோதும், ஒருவர்கூடச் சிறைக்குப் போயிருக்கவில்லை.

நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2000 டிசம்பரில் யாழ்ப்பாணம் மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். பதினைந்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு ஒரே ஒரு சார்ஜன்ட்டுக்கு மரண தண்டனை கிடைத்தது. 2020 மார்ச்சில் கோத்தபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார். மரண தண்டனையை நானும் ஏற்பவனல்ல. ஆனால் இங்கே மன்னிக்கப்பட்டது குற்றமே. அன்றைக்கு ஒவ்வொரு சிப்பாயும் கற்றுக்கொண்ட பாடத்தை எந்த வெளிநாட்டுக் கல்லூரியின் மனித உரிமை வகுப்பும் அழித்துவிட முடியாது.

சாதிக்கு எதிராக நிற்கும் நமக்கு இது புரியாத விஷயமில்லை. வாச்சாத்தியில் 1992இல் பழங்குடி மக்கள் மீது வெறியாட்டம் நடத்திய வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் யாரும் பயிற்சி இல்லாதவர்கள் அல்லர். ஒடுக்கப்பட்டவர்களைத் தொட்டால் கேட்பாரில்லை என்ற துணிச்சல்தான் அவர்களை இயக்கியது. அந்தத் துணிச்சலை உடைத்தது பயிற்சிப் பட்டறை இல்லை. மக்களின் விடாத போராட்டத்தால் 2011இல் வந்த தீர்ப்பு. உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

2012இல் தாம்பரத்தில் பயிற்சி பெற வந்த இலங்கை விமானப்படையினருக்கு எதிராகத் தமிழ்நாடு கொதித்தது. ஒன்றிய அரசு அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றியது. இடம் மாறியது, பயிற்சி நடந்தது. "எங்கள் மண்ணில் வேண்டாம்" என்பதோடு நாம் நின்றால், டெல்லிக்கு வேறொரு மண் எப்போதும் கிடைக்கும்.

ஆகவே கோரிக்கையைக் கூர்மையாக்குவோம். கொடிய மனித உரிமை மீறலில் ஈடுபட்ட படைப்பிரிவுகளுக்கு உதவி தரக்கூடாது என்று அமெரிக்காவில் லீஹி சட்டம் இருக்கிறது. அமெரிக்கா அதை நேர்மையாகக் கடைப்பிடிக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆனாலும் 2020இல் அன்றைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு, வேறொரு சட்டப் பிரிவின்கீழ், அது நுழைவுத் தடை விதித்தது. இந்தியாவில் லீஹி போன்ற ஒரு சட்டமே இல்லை. பயிற்சிக்கு வருபவர் எந்தப் படைப்பிரிவு, 2009இல் எங்கே நின்றார் என்று கேட்கும் சட்டம் நமக்கு வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டு வரட்டும். நிறைவேறாமல் போகலாம். ஆனால் யாருக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்பதற்கு ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.