இங்கிலீஷ் திருத்தும் புண்ணியவான்கள்

பிறர் பேசும் இங்கிலீஷைத் திருத்துவதையே தர்ம காரியமாக வைத்துக்கொண்டிருப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். யாராவது 'கஸின் பிரதர்' என்று சொல்லிவிட்டால், "வெறும் கஸின் போதும், ஐயா!" என்று பாய்ந்து வருவார்கள். குறித்த நாளுக்கு முன்பே கூட்டத்தை வைத்துக்கொள்வதை 'ப்ரிபோன்' என்றால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறேன். சித்தப்பா மகனும் மாமன் மகனும் இங்கிலீஷ்காரனுக்கு ஒன்றாக இருக்கலாம். நமக்கு முன்னவன் அண்ணன் தம்பி. பின்னவன் நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் முறைக்காரன். அண்ணன் தம்பியை 'பிரதர்' என்னாமல் வேறு எப்படிச் சொல்வது? 'ப்ரிபோ'னோ ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. அர்த்தம் விளங்கிய பிறகும் திருத்துவது தன் படிப்பைப் பறைசாற்றிக்கொள்வதுதான்.

அதற்காக, எந்தப் பிழையையும் திருத்தவேண்டாம் என்பதல்ல என் கட்சி. திருத்தியே தீரவேண்டிய சொற்கள் உண்டு. விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற பட்டாசுப் பிரதேசத்தை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் லாரியின் முதுகில் எழுதுகிறார்களே, 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று, அந்தச் சொல் அங்கே ஒரு பீப்பாயின்மேல் இருந்தால் என்ன ஆகும்? 'இன்கரெக்ட்' என்றால் சரியல்லாதது என்று படித்த பையன், இதைத் தீப்பற்றாதது என்றுதானே நினைப்பான்? அவன் நினைப்பில் நியாயம் இருக்கிறது; லத்தீன்தான் அவனை ஏமாற்றுகிறது. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இந்த ஆபத்தை உணர்ந்து, 1920-களிலேயே 'ஃபிளேமபிள்' என்று எழுதச் சொன்னது. நாமோ 1952-ல் ஒரு சட்டத்துக்கே 'இன்ஃபிளேமபிள்' என்று பெயர் சூட்டினோம்!

இன்னொன்று: பொட்டாசியம் குளோரைடு வயலுக்குப் போடும் பொட்டாஷ் உரம். பொட்டாசியம் குளோரேட்டு தீக்குச்சி மருந்தில் சேருவது. கந்தகத்தோடு கலந்து உரசினால் வெடிக்கும். பட்டாசில் அந்தக் கலவையை 1992-ல் அரசாங்கம் தடை செய்தது. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரு சொல்லால் வந்த விபத்து அது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிரதேசத்தில் ஒரு தவறுக்கு என்ன விலை என்பதற்காகச் சொல்கிறேன்.

அங்கேயும் தொழிலாளியின் இங்கிலீஷைத் திருத்தப் புறப்பட்டுவிடாதீர்கள். லேபிளைத் திருத்துங்கள். 'தீப்பற்றும்', 'உரசினால் வெடிக்கும்' என்று கொட்டை எழுத்தில், தமிழில் எழுதிவையுங்கள். அதைச் செய்து முடித்த பிறகு, 'கஸின் பிரத'ருக்கு வாருங்கள், அவன் காத்திருப்பான்.