அரை டிகிரி வில்லங்கம்

போட்டோவுக்குச் சட்டம் போடுவது லேசான வேலை என்பார்கள். நாலு மூலை, மூலைக்கு இரண்டு வெட்டு, ஆக எட்டு வெட்டு. எல்லாமே 45 டிகிரி. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி குறைந்தால்? பி.காம். கணக்குப்படி மொத்தம் 4 டிகிரி துண்டு விழும். மூன்று மூலை கும்மென்று சேர்ந்து, நாலாவது மூலை 'ஈ' என்று இளிக்கும். அதுவும் கல்யாண போட்டோ என்றால், மாமனார் சரியாக அந்த மூலையைத்தான் பார்ப்பார்.

டேபிள் ரம்பத்தில் கட்டையைக் கோணம் பிசகாமல் தள்ளிக்கொண்டு போவது மைட்டர் கேஜ். கடையில் எல்லோரும் பளபளப்பையும் டிகிரி கோடுகளையும்தான் பார்ப்பார்கள். ஸார், முதலில் அடியிலிருக்கும் பட்டையைப் பாருங்கள்! மேஜைக் காடியில் அது லொடலொடத்தால் கோடுகள் எத்தனை நுணுக்கமாக இருந்தும் பிரயோஜனமில்லை. ஆடவும் கூடாது, சிக்கவும் கூடாது. இறுக்கத்தைச் சரிசெய்யத் திருகு இருந்தால் விசேஷம். 45-லும் 90-லும் 'டக்'கென்று உட்காருகிறதா என்றும் பாருங்கள்.

வாங்கியதும் ஒரு டெஸ்ட். இரு விளிம்பும் இணையாக உள்ள பலகையை 90-ல் வைத்துக் குறுக்கே அறுங்கள். ஒரு துண்டை மட்டும் புரட்டிப் போட்டு, ஸ்கேல் ஓரமாக இரண்டையும் ஒட்டுங்கள். நடுவே இடைவெளி தெரிந்தால், அது நிஜப் பிசகைப் போல இரண்டு மடங்கு. சின்னத் தப்பைப் பெரிசாக்கிக் காட்டுவதில் நம்ம ஆபீஸ் மேனேஜருக்கு அடுத்தபடி இதுதான்!