குறும்படம் விசிட்டிங் கார்டு அல்ல

தயாரிப்பாளரைப் பார்க்கப் போகும் உதவி இயக்குநரின் கையில் இன்று கதைச் சுருக்கத்தோடு ஒரு குறும்படமும் இருக்கிறது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி திறந்துவிட்ட பாதை அது. கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் பாலாஜி மோகனும் அந்தப் பாதையில் வந்தவர்கள்தான். தமிழ் சினிமாவுக்கு அதனால் நன்மை உண்டு. ஆனால் குறும்படம் விசிட்டிங் கார்டாகிவிட்டது. ‘நீங்கள் எடுப்பதை என்னாலும் எடுக்க முடியும்’ என்று நிரூபிப்பதே அதன் வேலை. அதே படத்தைப் பன்னாட்டு விழாக்களுக்கும் அனுப்பிவிட்டு, ஏன் தேர்வாகவில்லை என்று வருந்துகிறோம்.

விழாக்கள் தேடுவது வேறு. ஜெர்மனியின் நிலக்கரி, எஃகு நகரமான ஓபர்ஹவுசனில் 1954 முதல் குறும்பட விழா நடக்கிறது. 1962 பிப்ரவரி 28 அன்று அங்கே 26 இளம் படைப்பாளிகள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அலெக்ஸாண்டர் க்ளூகேயும் எட்கர் ரைட்ஸும் அவர்களில் இருவர். அவர்களுக்கும் முழுநீளப் படம் எடுக்கத்தான் ஆசை. ஆனால் அதற்கு அவர்கள் காட்டிய தகுதி, பழைய சினிமாவால் முடியாததைத் தங்கள் குறும்படங்கள் செய்திருக்கின்றன என்பது. புதிய ஜெர்மன் சினிமா அங்கிருந்துதான் கிளம்பியது.

அதே 1962-இல் வந்தது கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’. 28 நிமிடங்கள், ஏறக்குறைய முழுவதும் நிழற்படங்கள். ஒரே ஓர் இடத்தில், படுத்திருக்கும் பெண் கண் திறக்கும்போது மட்டும், பிம்பம் அசைகிறது. அசைவு என்பதே சினிமாவில் எத்தனை பெரிய நிகழ்வு என்று அந்தச் சில நொடிகள் உணர்த்துகின்றன. இரண்டு மணி நேரப் படத்தின் துண்டாக இதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இந்தியாவிலும் முன்னோடிகள் உண்டு. செய்திப் படங்களுக்கும் பிரச்சாரப் படங்களுக்கும் பெயர்போன ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குள் இருந்துகொண்டே பிரமோத் பதி 1968-இல் ‘எக்ஸ்ப்ளோரர்’ எடுத்தார். ஆடும் இளைஞர்கள், வழிபாடு, ஆய்வுக்கூடம் எல்லாம் மின்னல் வேக வெட்டுகளில் மோதிக்கொள்ளும். செக்கோஸ்லோவாகியாவில் பொம்மைப் பட மேதை யிரி த்ருன்காவிடம் பயின்றவர் அவர். ‘ஆபித்’ (1972) படத்தில் ஓவியர் ஆபித் சூர்தியையே பொம்மைபோல் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினார். அரசு நிறுவனத்துக்குள் கிடைத்த சுதந்திரம், சொந்தக் காசில் படம் எடுக்கும் நமக்கு ஏன் கிடைக்கவில்லை? தடுப்பது தணிக்கையோ பட்ஜெட்டோ அல்ல. கடைசி நிமிடத் திருப்பம் இல்லாமல் கதை முடியக் கூடாது என்று நாமே போட்டுக்கொண்ட விதிதான்.

நடைமுறைக்கு வருவோம். விழாக்களில் குறும்படம் தனியாகத் திரையிடப்படுவதில்லை; சுமார் ஒன்றரை மணி நேரத் தொகுப்பில் ஐந்தாறு படங்களோடு ஒன்றாக ஓடும். அரை மணி நேரப் படம் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால், நீளம் கூடக்கூடத் தேர்வாளருக்குத் தயக்கமும் கூடும். கான் போட்டிப் பிரிவில் டைட்டில் உட்பட 15 நிமிடமே எல்லை, ஆஸ்கருக்கு 40. லோகோக்களும் நன்றி அட்டைகளும் ட்ரோன் காட்சியும் போக, படம் மூன்றாவது நிமிடத்தில் தொடங்கினால் யார் காத்திருப்பார்? யூடியூபில் ஏற்றும் அவசரமும் ஆபத்து. இணையத்தில் வெளியான படத்தைக் கான் போட்டிக்கு ஏற்பதில்லை. எந்த விழா எதைக் கேட்கிறது என்று விதிமுறையைப் படித்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

பெரிய முதலீடு தேவையில்லை என்பதற்குச் சமீபத்திய சான்று உண்டு. சிதானந்த நாயக், புனே திரைப்படக் கல்லூரியில் ஓராண்டுத் தொலைக்காட்சிப் படிப்பின் பயிற்சிக்காக எடுத்த 16 நிமிடக் கன்னடப் படம், 2024-இல் கானின் மாணவர் பிரிவில் முதல் பரிசு பெற்றது. கிழவி ஒருத்தி சேவலைத் திருடியதால் ஊரில் பொழுது விடியாமல் போகும் நாட்டுப்புறக் கதைதான் அதன் கரு.

தமிழ்நாட்டு விழா அமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குறும்படங்களை மதிய இடைவெளியை நிரப்பப் பயன்படுத்தாதீர்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்று யோசித்துத் தொகுப்பு அமையுங்கள். நல்ல ஒலியமைப்புள்ள அரங்கு கொடுங்கள். படைப்பாளியோடு உரையாட நேரம் ஒதுக்குங்கள். படைப்பாளிகளே, அடுத்த குறும்படத்தைத் தயாரிப்பாளருக்குக் காட்டுவதற்காக எடுக்காதீர்கள். பத்து நிமிடத்தில் மட்டுமே சொல்ல முடிகிற ஒன்று உங்களிடம் இருந்தால், அதை எடுங்கள்.