கடனை மறைக்க வேண்டாம், கணக்கை விரித்து வைப்போம்!

லேக் மார்க்கெட்டில் பூக்கூடைகள் இறங்குமுன்பே, வாழை இலைக் கட்டுகள் அவிழுமுன்பே, நம் சந்துகளில் சில வீடுகளின் கதவுகள் உள்ளிருந்து தாழிடப்பட்டுவிடுகின்றன. வசூல்காரர் வரும் நாள் அது. "அம்மா வீட்டில் இல்லை" என்று சொல்லச் சொல்லிப் பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறோம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று படிக்கிறது. வீட்டிலோ நாமே பொய் சொல்லப் பழக்குகிறோம்.

இதை யாரையும் இடித்துரைக்க எழுதவில்லை. நம்மில் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. டைப்ரைட்டரையும் சுருக்கெழுத்தையும் நம்பி நம் முன்னோர் சிலர் இந்த நகரத்துக்கு வந்தார்கள். ஓட்டல் வேலை, சமையல் வேலை, பூ வியாபாரம், இட்லி மாவு என்று கை உழைப்பை நம்பி வந்தவர்களும் உண்டு. வந்த எவரும் கடன்பட ஆசைப்பட்டு ரயிலேறவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, ஊரில் தங்கை கல்யாணம், வேலையில்லாத இரண்டு மாதம் என்று கடன் உள்ளே நுழைய வழிகள் பல. வெளியே போக வழி எது என்பதே கேள்வி.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் போடுவோம். கணவர் ஓட்டலில் 14,000 ரூபாய் வாங்குகிறார். மனைவி மாவரைத்து விற்று 8,000 சம்பாதிக்கிறார். ஆக வரவு 22,000. வாடகை 5,500, அரிசி பருப்பு கேஸ் 7,500, பள்ளிச் செலவு 1,500, மருந்து, மின்சாரம், பஸ் எல்லாம் 2,500. ஆக 17,000 போக மிச்சம் 5,000 ரூபாய்.

இனித் தவணைகளைப் பாருங்கள். இரண்டு குழுக்கடன்களுக்கு வாரம் 1,500 வீதம் மாதத்துக்கு 6,500. தெருத் தண்டல்காரருக்கு நாளொன்றுக்கு 150 வீதம் 4,500. கைப்பேசிச் செயலியில் வாங்கிய கடனுக்கு 2,000. மொத்தம் 13,000. கையில் இருப்பதோ 5,000. மாதாமாதம் துண்டு விழும் 8,000 ரூபாய்க்கு இன்னொரு கடன்! இப்படிக் கடனைக் கட்டவே கடன் வாங்கும் குடும்பம் உழைப்பதெல்லாம் யாருக்காக?

2022 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கியின் குறுங்கடன் விதி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரையுள்ள குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணையாகப் போகக் கூடாது என்கிறது. நல்ல விதிதான். ஆனால் மேலே சொன்ன குடும்பத்துக்குப் பாதி என்றால் 11,000. சாப்பாடு, வாடகைக்கே 17,000 வேண்டியவர்கள் மிச்சமுள்ள 11,000-இல் எப்படி வாழ்வது? வருமானத்தை அளந்த விதி வயிற்றை அளக்கவில்லை. தண்டல்காரரின் நோட்டோ அந்த விதியின் கண்ணுக்கே தெரியாது. ஆகவே விதி நம்மைக் காப்பாற்றிவிடும் என்று கைகட்டி இருக்க முடியாது. அதே சமயம், இருக்கிற விதியை அறியாமல் இருப்பதும் மடமை.

இந்த நகரம் கண்ட பழைய போராட்டம்

கடன்காரர் வாசலில் நிற்பது கல்கத்தாவுக்குப் புதிதல்ல. சம்பள நாளன்று ஆலை வாசலில் தடியுடன் காத்து நின்று தொழிலாளியின் கூலியைப் பறித்த காலம் ஒன்று இருந்தது. 1929-இல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன் 1931-இல் தன் அறிக்கையைத் தந்தது. நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் அதில் ஓர் உறுப்பினர். பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடனில் இருப்பதாக அது மதிப்பிட்டது. கடனுக்காகத் தொழிலாளியை முற்றுகையிடுவதைக் குற்றமாக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதன் பின்னர் 1934-இல் வங்காளத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடன் வசூலுக்காகத் தொழிற்சாலை வாசலில் வளைய வருவதை அது தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அந்தத் தடி இன்று கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. "உன் உறவினர் எல்லோருக்கும் உன் போட்டோவை அனுப்புவேன்" என்ற மிரட்டலாக வந்திருக்கிறது. உருவம் மாறினாலும் தொழிலாளியின் வெட்கத்தையே ஜாமீனாகப் பிடிக்கும் தந்திரம் மாறவில்லை. நாம் எவ்வளவுக்கு எவ்வளவு மறைக்கிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு மிரட்டுபவரின் கை ஓங்குகிறது.

மறைத்தால் எங்கே போய் முடியும் என்பதை நம் ஊரே காட்டியது. 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் கண்டது தமிழகம். இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே, இரண்டு பச்சிளம் பெண் குழந்தைகள் உட்பட, தீக்கிரையானது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும் என்பதை அந்தச் சாம்பல் நமக்குச் சொல்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், அசல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று எழுதுங்கள். கைமாற்றும் அடகும் விட்டுப்போகக் கூடாது. ஒருவருக்கொருவர் தெரியாமல் வாங்கிய கடன் வெளியே வரும்போது சண்டை வரும். வரட்டும். அந்தச் சண்டை ஓர் இரவோடு முடியும். மறைத்த கடன் முடியாது.

இரண்டாவது, வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, மருந்து ஆகியவற்றை முதலில் ஒதுக்குங்கள். உரக்கக் கத்துகிற கடன்காரருக்கு முதலில் கொடுப்பதுதான் நம் வழக்கம். அதை விடவேண்டும். மிச்சமுள்ளதைப் பாக்கியின் அளவுக்குத் தக்கபடி பங்கிடுங்கள். நம் உதாரணக் குடும்பத்துக்குப் பாக்கி முறையே 36,000, 27,000, 18,000, 9,000, மொத்தம் 90,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள 5,000-இல் ஆபத்துக்கு 500 ஒதுக்கிவிட்டு 4,500-ஐப் பங்கிட்டால் 1,800, 1,350, 900, 450 என்று வரும். வட்டி நின்றால் இருபது மாதம். ஓடினால் அதற்கு மேலும் ஆகும். நீண்ட காலம்தான். ஆனால் முடிவு என்று ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா?

மூன்றாவது, இந்தக் கணக்கை எழுத்தில் ஒவ்வொரு கடன்காரருக்கும் கொடுங்கள். "மாதம் இவ்வளவுதான் முடியும், இந்தத் தேதியில் தருவோம்" என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்று அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. தவணை தவறியது கடன் தகவல் ஏட்டில் பதிவாகும், அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் தர முடியாத 13,000-த்துக்கு வாக்குக் கொடுத்து மாதாமாதம் பொய்யராவதைவிட, தரக்கூடிய 4,500-க்கு வாக்குக் கொடுத்துக் காப்பாற்றுவது மேல். தொகையைக் குறைத்து முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். கட்டியபின் பாக்கியில்லைச் சான்று வாங்குங்கள்.

நான்காவது, குழுக்கடனில் இருப்பவர்கள் வசூல்காரருக்கு முன்னால் குழுச் சகோதரிகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் கட்டாததை அவர்கள் தலையில் கட்டும் ஏற்பாடு அது. கடன்பட்டவளைக் கடன்பட்டவளோடு மோதவிடும் அந்த ஏற்பாட்டுக்கு நாம் இரையாகக் கூடாது.

தெரிந்திருக்க வேண்டியவை

கடன் பத்திரமும் கடன் அட்டையும் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது குறுங்கடன் விதி. வங்காளியிலோ ஆங்கிலத்திலோ நீட்டிய தாளில் கைநாட்டு வைத்த நம் தாய்மார்கள் எத்தனை பேர்! தமிழில் கேளுங்கள். கேட்பது உரிமை.

குறுங்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வரலாம். திட்டுவதும், உறவினரை மிரட்டுவதும், பெயரை ஊரறியச் செய்வதும் கூடாது. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். விவரத்துக்கு 14448. செயலிக்காரர் படத்தைத் திரித்து மிரட்டினால் 1930-க்குச் சொல்லுங்கள்.

தெருவில் வட்டிக்கு விடுபவருக்கும் இங்கே சட்டம் உண்டு. 1940-ஆம் ஆண்டு வங்காள லேவாதேவிக்காரர் சட்டப்படி அவருக்கு லைசென்ஸ் வேண்டும். கட்டியதும் சேர்த்து, அசலும் வட்டியுமாக, முதலில் வாங்கிய அசலின் இருமடங்குக்கு மேல் அவர் கேட்க முடியாது. வியாபாரக் கடனுக்கு விலக்கு உண்டு, ஆகவே வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள். பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு 15100. ஊரில் தமிழக அரசு போட்ட சட்டங்கள் இங்கே செல்லுபடியாகா என்பதையும் நினைவில் வையுங்கள்.

"ஜெயிலுக்கு அனுப்புவேன்" என்ற மிரட்டலுக்கும் பதில் உண்டு. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், கையில் இல்லாததால் கட்ட முடியாத ஏழைக் கடன்காரனைச் சிறையிலிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூலித் தொழிலாளியின் கூலியையும், சமையல் பாத்திரத்தையும், கைத்தொழிலாளியின் கருவிகளையும் கோர்ட் ஜப்தி செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் ஒன்று: வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடாதீர்கள். காசோலை திரும்பினால் அது தனி வழக்கு, இரண்டாண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

நம்மையும் கேட்டுக்கொள்வோம்

பிறரைக் குறை சொல்லிவிட்டு நம் முதுகைப் பார்க்காமல் விட முடியுமா? விழா வந்தால் நன்கொடைப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறுபவர்கள் நாம்தாம். போன வருடம் 500 எழுதியவர் இந்த வருடம் 100 எழுதினால் முகம் சுளிப்பவர்களும் நாம்தாம். அந்த முகச்சுளிப்புக்கு அஞ்சிச் செயலியில் கடன் வாங்கிய குடும்பம் நம்மிடையே இல்லை என்று யாரால் சத்தியம் செய்ய முடியும்? கடனில் தத்தளிக்கும் குடும்பத்திடம் நன்கொடை கேட்பதில்லை என்று சங்கங்கள் முடிவு செய்யட்டும். மொய்க்கும் சீருக்கும் நாமாகவே ஒரு வரம்பு வைத்துக்கொள்வோம்.

சங்கமே ஒரு நிதி திரட்டிக் கடனை அடைத்துவிடலாமே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் வரவைவிடத் தவணை பெரிதாக இருக்கும் வீட்டில் அந்தப் பணமும் இன்னொரு கடனாகத்தான் உட்காரும். வசூலிக்கப் போகும் நாம் நாளைக்கு அதே வாசலில் அதே வசூல்காரராக நிற்போம். அதைவிட, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குத் தெரிந்த நாலு பேர் உட்காரட்டும். ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களும் கணக்கர்களும் நம்மிடம் இல்லையா? வருகிறவர் தாளை விரிக்கட்டும். கடிதம் எழுதிக் கொடுப்போம். வசூல்காரர் கூப்பிட்ட இடத்துக்குப் பெண்கள் தனியாகப் போகாமல் இரண்டு பேர் கூடப் போவோம். கேட்டது வெளியே போகாது என்ற உறுதியும் வேண்டும். இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

கடனைத் திருப்பித் தரவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்கியதைக் கொடுப்போம். ஆனால் பிள்ளையின் சோற்றைப் பிடுங்கியோ, மானத்தை அடகு வைத்தோ கொடுக்கமாட்டோம். கையில் முடிந்ததை, சொன்ன தேதியில், ரசீது வாங்கிக்கொண்டு கொடுப்போம்.

சகோதர சகோதரிகளே! அடுத்த வசூல் நாளில் பிள்ளையை வாசலுக்கு அனுப்பாதீர்கள். கணக்கெழுதிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே கதவைத் திறங்கள். தனியாகத் திறக்கத் தயக்கமாக இருந்தால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள், கூட வந்து நிற்கிறோம்.