காரின் தாகத்துக்கு வெயிலா காரணம்?

சித்திரை மாதம். நண்பகல் நேரம். திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பாதையில் ஒரு பழைய கார் நிற்கிறது. முன்பக்க மூடி திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து ஆவி பறக்கிறது. எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுத்துக் கொடுக்கும் பம்பின் மேல் ஓட்டுநர் ஈரத் துணியைச் சுற்றுகிறார். நெல்லிவாசல்நாட்டுக்குப் போக வேண்டிய குடும்பம் மரநிழலில் காத்திருக்கிறது.

"வெயில் வந்தாலே இப்படித்தாங்க. வண்டி பெட்ரோலைக் குடிக்குது!" என்கிறார் ஓட்டுநர்.

மலைப் பாதைகளில் கோடைதோறும் காணும் காட்சி இது. வெயில்தான் குற்றவாளி என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். அது உண்மைதானா?

வெயிலுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு நம் கவனக் குறைவுக்கே!

இளைத்த காற்று

பெட்ரோல் தனியாக எரியாது. அதற்குக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று தேவை.

காற்று சூடானால் விரிகிறது. அதன் அடர்த்தி குறைகிறது. 20 டிகிரி உஷ்ணத்தில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்று சுமார் 6 சதவீதம் இளைத்தது. உயரமான இடத்திலும் இப்படியே. இதே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வு நிலையம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரைக் காற்றைவிட அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம் குறைவு.

பழைய கார்களில் காற்றையும் பெட்ரோலையும் கலப்பது கார்புரேட்டர். காற்று இளைத்துவிட்டது என்று அதற்குச் சரிவரத் தெரியாது. பெட்ரோலை அதிகமாகவே கலந்து அனுப்பும். அதில் ஒரு பகுதி எரியாமல் புகையாகப் போய்விடும். போவது புகையல்ல, நம் பணம்!

2000-ஆம் ஆண்டை ஒட்டி நம் நாட்டுக் கார்களில் கார்புரேட்டர் மறையத் தொடங்கியது. புதிய கார்களில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் காற்றை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலைக் கொடுக்கிறது. அதனால் வெயில் மட்டும் அந்தக் கார்களை அதிகம் பாதிப்பதில்லை. புகை போகும் குழாயில் உள்ள 'சென்சார்' என்னும் கருவி கெட்டுப்போனால் அவையும் பழைய கார்களைப் போலவே பெட்ரோலை வீணாக்கும்.

நாமே செய்யும் தவறுகள்

வெயிலுக்குப் பயந்து நாம் செய்யும் சில காரியங்கள் வெயிலைவிட அதிகக் கெடுதல் செய்கின்றன.

ரேடியேட்டருக்குப் போகும் வழியில் 'தெர்மோஸ்டாட்' என்னும் சிறிய வால்வு உண்டு. எஞ்சின் தக்க சூட்டில் இருக்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. எஞ்சின் கொதிக்கிறது என்றால் பலர் இதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதன் பிறகு காலைக் குளிரிலும் மலை இறக்கத்திலும் எஞ்சின் சூடேறாமலே ஓடும். சூடேறாத எஞ்சின் அதிகப் பெட்ரோல் கேட்கும். சீக்கிரம் தேயவும் செய்யும். கொதிப்புக்குப் பெரும்பாலும் காரணம் உப்புத் தண்ணீர் ஊற்றி அடைத்துப்போன ரேடியேட்டர்தான். அதைச் சுத்தம் செய்ய வேண்டும். நல்ல கூலண்ட் ஊற்ற வேண்டும்.

"வெயிலில் டயர் வெடித்துவிடும்" என்று காற்றைக் குறைத்து வைப்பவர்களும் உண்டு. இது தலைகீழான யோசனை! காற்றுக் குறைந்த டயர் தரையில் நசுங்கி உருளுகிறது. அதனால் அதிகம் சூடாகிறது. வெடிக்கும் ஆபத்து கூடுகிறது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. கார் கம்பெனி சொன்ன அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும் காலையிலேயே காற்றுப் பிடியுங்கள். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம்.

விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் பலரின் நம்பிக்கை. பங்க்கின் தொட்டி பூமிக்கு அடியில் இருக்கிறது. அங்கே பகலுக்கும் இரவுக்கும் உஷ்ணம் அதிகம் மாறுவதில்லை. அந்த லாபத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியே பெட்ரோல் ஆவியாகப் போவது நிஜமான நஷ்டம்.

உயிரோடு விளையாடாதீர்கள்

மைலேஜ் குறைகிறதே என்று சிலர் மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுகிறார்கள். இது பேராபத்து!

கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவுகிறது. நியூட்ரலில் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டாலோ, பல கார்களில் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய்விடும். எவ்வளவு மிதித்தாலும் கார் எளிதில் நிற்காது. அடுத்த கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும்?

இதில் இன்னொரு வேடிக்கை. கம்ப்யூட்டர் உள்ள கார், கியரில் இறங்கும்போது பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் பெட்ரோல் எரியும்! மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர் உண்மையில் செலவு செய்கிறார்.

கணக்குப் பாருங்கள்

லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த கார், 10 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 60 கிலோமீட்டர் ஓடினால் ஒரு லிட்டர் கூடுதல் செலவு. லிட்டர் 100 ரூபாய் என்றால், 25 நாளில் 2,500 ரூபாய் நஷ்டம். வாடகை வண்டி என்றால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? சாமையும் புளியும் தேனும் மலையிலிருந்து கீழே கொண்டுவந்து விற்கும் ஏழை விவசாயியின் தலையில்தான் விழும்.

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ரேடியேட்டர், டயர், பிரேக். இந்த ஐந்தையும் பங்குனியிலேயே பார்த்துவிட்டால் சித்திரையில் கவலை இல்லை. கோடைக்கு முன் மலை வண்டிகளுக்குத் திருப்பத்தூரில் இலவசப் பரிசோதனை முகாம் நடத்த அதிகாரிகள் முன்வர வேண்டும். பெட்ரோல் மிச்சமாவதோடு உயிரும் காப்பாற்றப்படும்.

வெயிலை நம்மால் குறைக்க முடியாது. வண்டியைப் பழுது பார்க்க முடியும். முடிகிற காரியத்தை முதலில் செய்வோம்!