புயலில் மாண்டோரைப் பாவிகள் என்பதற்கு வஹீ வந்ததா?



எங்கேனும் காற்றோ வெள்ளமோ மனிதர்களை வாரிக்கொண்டு போனால், மய்யித்துகள் அடக்கப்படுவதற்கு முன்பே நம் கைப்பேசிகளுக்கு ஒரு குரல்பதிவு வந்து சேர்ந்துவிடுகிறது. இது அல்லாஹ்வின் அதாபு, அவ்வூரார் செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று யாரோ ஒருவர் அடித்தொண்டையில் முழங்குகிறார். பின்னணியில் இடியோசையையும் சேர்த்துவிடுகிறார்கள். கேட்போர் பெருமூச்செறிந்து, அடுத்த குழுவுக்கு அனுப்பிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர். இதனை மார்க்கம் என்று எண்ணுவோரோடு நாம் வழக்காட வேண்டியிருக்கிறது.

2018 மே 2 ஆம் நாள் மாலையிலும் இரவிலும் இராஜஸ்தானிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் வீசிய புழுதிப்புயல் பலருக்கு நினைவிருக்கலாம். அல்வர், பரத்பூர், தோல்பூர், ஆக்ரா. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கோடையில் கொதித்துக் கிடந்த நிலத்தின் மேலே ஈரக்காற்று வந்து சேர்ந்து இடிமேகம் திரண்டது. வறண்ட பூமியில் மழைத்துளி தரையைத் தொடும் முன்பே பெரிதும் ஆவியாகிவிடும். அப்போது சுற்றியுள்ள காற்று சில்லிட்டுக் கனத்து, உச்சியிலிருந்து உருட்டிவிட்ட பாறைபோலக் கீழே விழுந்து நாற்புறமும் பாயும். பாயும் வழியெல்லாம் புழுதியை மதிலாக எழுப்பும். அரபுமக்கள் இதனை ஹபூப் என்பர். ஆனால் அன்று மாண்டவர்களில் பெரும்பாலோரின் உயிரைக் குடித்தவை இடிந்து விழுந்த சுவர்களும் கூரைகளும்தாம். உழைத்துக் களைத்து உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அவை சரிந்தன. உறுதியான மாடிவீட்டில் படுத்திருந்தவர் காலையில் எழுந்து சன்னலில் படிந்த புழுதியைத் துடைத்தார். பலவீனமான வீட்டில் படுத்திருந்தவர் எழவில்லை. இருவருடைய அமல்களின் ஏட்டையும் பார்த்து வந்தவர் யார்?

மதரஸாவில் ஆது கூட்டத்தாரின் வரலாற்றை ஓதிக்கொடுத்த ஒரு நாளில், பத்து வயதுப் பிள்ளை ஒன்று கேட்டது: "ஹஜ்ரத், வீடு இடிஞ்சு மவுத்தாப்போன சின்னப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?" பருவமெய்தாதவர் மீது பாவம் எழுதப்படுவதில்லை என்பதை அதே வகுப்பில்தான் அப்பிள்ளை கற்றிருந்தது. இடியோசையோடு பேசும் பெருமக்கள் அதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

ஆது கூட்டத்தாரின் வரலாற்றையே அவர்கள் முதற்சான்றாகக் காட்டுவர். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். மணற்குன்றுகளின் நாட்டில் வாழ்ந்த அம்மக்கள் மீது ஏழு இரவுகளும் எட்டுப் பகல்களும் காற்று ஏவப்பட்டது, அது தண்டனையே. ஐயமில்லை. ஆனால் அது தண்டனை என்று நமக்கு எப்படித் தெரிந்தது? ஹூது (அலை) அவர்கள் அம்மக்களை எச்சரித்தார்கள், அவர்கள் மறுத்தார்கள், பிறகு நடந்ததை அல்லாஹ் தன் வேதத்தில் அறிவித்தான். அவன் அறிவித்ததனால் அறிந்தோம். அதே காற்று அகழ்ப்போரில் பகைவரின் கூடாரங்களைப் பிடுங்கி எறிந்து மதீனாவுக்குக் கேடயமாயிற்று. சுலைமான் (அலை) அவர்களுக்கோ அது ஊர்தியாயிற்று. எந்தக் காற்று எதற்காக வீசியது என்பதைச் சொல்லும் உரிமை அதனை ஏவியவனுக்கே உரியது. நபித்துவம் முத்திரையிடப்பட்டு வஹீ நின்றுவிட்ட பின்னர், அல்வரில் வீசிய காற்றின் நோக்கத்தை இவர்களிடம் வந்து சொன்ன மலக்கு யார்?

வானில் கருமேகம் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும் என்றும், வீட்டுக்குள்ளும் வெளியிலும் நடந்தவண்ணம் இருப்பார்கள் என்றும் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆது கூட்டத்தார் மழைமேகம் என்று மகிழ்ந்ததை எண்ணியே அண்ணலார் அஞ்சினார்கள். அந்த அச்சம் தம்மையும் தம் மக்களையும் நோக்கியது. தொலைவிலுள்ள ஓர் ஊரை நோக்கி விரல் நீட்டுவதற்கு அதில் இடமேயில்லை.

உடனே ஸூரத்துஷ் ஷூராவின் 30 ஆம் வசனத்தை எடுத்து நீட்டுவர். துன்பங்கள் மனிதரின் கைகள் தேடிக்கொண்டவையே என்று அங்கே வருகிறது அல்லவா என்பர். வருகிறது. பெரும்பாலானவற்றை அவன் மன்னித்துவிடுகிறான் என்பதும் அங்கேயே வருகிறது. அந்தப் பகுதி மட்டும் குரல்பதிவுகளில் ஏனோ இடம்பெறுவதில்லை. அவ்வசனம் ஓதுகிறவனைத் தன்னையே பார்க்கச் சொல்கிறது. மேலும், கைகள் செய்தவை என்றால் மதுவும் வட்டியும் மட்டுமா? நீர் போகும் வாய்க்காலை மண்ணிட்டு மூடி மனை போட்ட கை எது? சிமெண்டைக் குறைத்துச் சுவர் எழுப்பிய கை எது? ஏழைக்குத் தர வேண்டிய வீட்டுப் பணத்தில் பங்கு கேட்ட கை எது? இவற்றைப் பற்றிப் பயான் செய்தால் கேட்டுக்கொண்டிருக்கும் சிலருக்கு வியர்க்கும். ஆகவே முன்பின் அறியாத ஊராரின் பாவத்தைப் பேசுவது எளிதாக இருக்கிறது.

லிபியாவின் தெர்னா நகரைப் பாருங்கள். கிழக்கே பாலைவனம் சூழ்ந்த நாட்டின் கடலோர ஊர். ஸஹாபாக்களின் அடக்கத்தலங்களும் அவர்கள் பெயர்தாங்கிய பள்ளிவாசலும் உள்ள ஊர். 2023 செப்டம்பர் 10 ஆம் நாள் டேனியல் புயல் கொட்டிய மழையில், ஊருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் இரவோடு இரவாக உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலேயே கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டனர். 1970களில் கட்டப்பட்ட அவ்வணைகளைப் பராமரிக்காவிடில் பேரழிவு நேரும் என்று அந்நாட்டு நீரியல் ஆய்வாளர் ஒருவர் 2022 இலேயே எழுதியிருந்தார். அங்கே மாண்டவர்கள் ஐவேளை தொழுதவர்கள், குர்ஆனை மனனம் செய்தவர்கள், அவர்களின் குழந்தைகள். நீரில் மூழ்கி இறப்பவரும் இடிபாட்டில் சிக்கி இறப்பவரும் ஷஹீதுகள் என்பது புகாரியில் இடம்பெற்ற நபிமொழியின் கருத்து. அண்ணலார் ஷஹீது என்று உயர்த்திய ஒருவரைத் தண்டிக்கப்பட்டவர் என்று தாழ்த்துவதற்கு நாக்கு எப்படித்தான் எழுகிறதோ!

நம் ஊருக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், நகர மனமின்றி மணிக்கணக்கில் நின்று பெய்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க இராணுவத்தினர் வந்தார்கள். அப்போது நம்மவர் தெருக்களிலும் தண்ணீர் நின்றது. இப்போது அந்தக் குரல்கள் என்ன சொல்லின? சோதனை என்றன, பொறுமை கொள்ளுங்கள், கூலி உண்டு என்றன. பிறர் வீட்டில் விழுந்தால் தண்டனை, நம் வீட்டில் விழுந்தால் சோதனை! பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து நகரை இரண்டாகப் பிரித்துக் கிடக்கும் பெரிய வாய்க்காலின் இக்கரையில் ஸாலிஹீன்களும் அக்கரையில் பாவிகளும் குடியிருப்பதாக எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். அல்வரைப் பற்றிச் சொல்ல மட்டும் துணிவு வந்துவிடுகிறது. அங்கிருந்து மறுத்துப் பேச யாரும் வரப்போவதில்லையே.

இன்னொரு கணக்கும் உண்டு. இன்றைய வங்கதேசத்தை 1970 நவம்பரில் தாக்கிய போலா புயலில் மூன்று இலட்சம் பேர் அல்லது அதற்கும் மேல் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. 1991 புயலில் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர். 2020 இல் அம்பன் புயல் வந்தபோது அந்நாட்டில் இறந்தவர்கள் சில பத்துப் பேர். அரை நூற்றாண்டில் அம்மக்களின் பாவம் பல்லாயிரம் மடங்கு குறைந்துவிட்டதா? அங்கே கூடியவை புயற்காப்பிடங்கள். ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்த தன்னார்வலர்கள். மக்களை எழுப்பிவிட்ட பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள்.

"அப்படியானால் விதியை மறுக்கிறீர்களா?" என்று கேட்போர் உண்டு. கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது அபூ உபைதா (ரலி) அவர்களும் இதைத்தான் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். அதற்குமேல் இக்கேள்விக்கு நம்மிடம் விடை கேட்பது வீண்.

குளிரும் காற்றும் மிகுந்த இரவுகளில், அவரவர் தங்குமிடத்திலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கோடு சேர்த்து அறிவிக்கச் செய்தது நபிவழி. மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் அவ்வாறே அறிவிக்கச் செய்தார்கள். ஆக, பாங்கு சொல்லும் இடம் வானிலை எச்சரிக்கைக்கும் உரிய இடமாக அன்றே இருந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 ஆம் நாள் தானே புயல் நம் கரையைத் தாக்கியதும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் என்பதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முத்தவல்லிகளிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் நாம் கேட்பது இதுதான். ஐப்பசி பிறப்பதற்குள் மஹல்லாவில் கீற்றுக்கூரை வீடு எத்தனை, விரிசல் விட்ட சுவர் எத்தனை, நடக்க இயலாத பெரியவர் யார், பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருப்பவர் யார் என்று ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியவுடன் பள்ளியின் ஒலிபெருக்கியில் அதைச் சொல்லுங்கள். மதரஸாவின் மாடியைத் திறந்து விடுங்கள். ஒதுங்க வருபவர் எந்தத் தெரு, எந்த மதம் என்று வாசலில் நிறுத்திக் கேட்காதீர்கள். விரிசல் விட்ட சுவரைக் கட்டிக்கொடுக்க, ஜகாத் பெறத் தகுதியுடைய குடும்பமாயின் ஜகாத்திலிருந்தும், மற்றவர்க்குப் பொது நன்கொடையிலிருந்தும் கொடுக்கலாமா என்று உங்கள் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முல்லா வீதியில் தொடங்கிச் சுல்தான்பேட்டை வரை, எந்த மஹல்லாவில் அந்த ஏடு எழுதப்பட்டிருக்கிறது, எங்கே இன்னும் எழுதப்படவில்லை என்று இந்த மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பின்னும் கேட்டுக்கொண்டேயிருப்போம்.